எல்லை காத்த ஏந்தல் உமர் (ரலி)

ஹஸரத் உமர் (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டதும் ஒட்டுப்போட்ட சட்டையும், இரவு நேர நகர்வலமும், ஏழைத் தாயின் குடிசைக்குத் தோளில் சுமந்து சென்ற மாவு மூட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரோம், பாரசீகம் என்ற இரண்டு வல்லரசுகளின் நடுவே அப்போதுதான் எழுந்து நின்ற ஒரு நாட்டைப் பத்தாண்டு காலம் திட்டமிட்டுக் காத்தவர்களும் அவர்கள்தாம். வாள் வீசிய கதைகளை நாம் நிறையச் சொல்லுகிறோம். வாளுக்குப் பின்னால் இருந்த யோசனையைச் சொல்வது குறைவு. அதைச் சற்றுப் பார்ப்போம்.

ஹிஜ்ரி 13, அதாவது கி.பி. 634. ஹஸரத் அபூபக்கர் (ரலி) அவர்களுக்குப் பின் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இராக் களத்தில் இருந்த தளபதி அபூ உபைத் அவர்கள், உடனிருந்தோர் தடுத்தும் கேளாமல் புராத் நதியைக் கடந்து எதிரியின் கரையில் போரிட்டார். பாரசீகரின் யானைகளைக் கண்டு குதிரைகள் மிரண்டன. அபூ உபைத் ஷஹீதானார். யாரும் பின்வாங்கக் கூடாதென்று ஒருவர் பாலத்தை வெட்டிவிட, திரும்ப வழியின்றிப் பலர் வெள்ளத்தில் மாண்டனர். முஸன்னா அவர்கள் காயத்தோடு நின்று, பாலத்தைச் சீர்செய்து, எஞ்சியவர்களைக் கரைசேர்த்தார். இதுவே பாலப் போர் எனப்படுவது.

தோற்று வந்தவர்களில் சிலர் மதீனாவில் முகங்காட்ட வெட்கி ஒளிந்து திரிந்தனர். கலீபா அவர்களைக் கடியவில்லை. நீங்கள் ஓடிப்போனவர்களல்லர், உங்கள் தலைவனாகிய என்னிடம் வந்து சேர்ந்தவர்களே என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். தோற்ற வீரனை அவமானப்படுத்தும் நாடு அடுத்த போரில் அவனை எதிர்பார்க்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதன்பின் கலீபா தாமே படைநடத்திச் செல்லப் புறப்பட்டு, மதீனாவுக்கு வெளியே ஸிரார் என்னுமிடத்தில் பாளையமும் இறங்கிவிட்டார்கள். ஆனால் பிரயாணத்தைத் தொடருமுன் மஷ்வரா செய்தார்கள். கலீபா களத்தில் தோற்றால் நாடே தோற்றதாகிவிடும், தளபதி தோற்றால் வேறு தளபதியை அனுப்பலாம் என்ற கருத்தை அப்துர் ரஹ்மான் பின் அவ்பு (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் ஏற்றுத் திரும்பினார்கள். ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தலைமையில் சென்ற படையே காதிஸிய்யாவில் வென்றது.

ஹிஜ்ரி 21, கி.பி. 642இல் நஹாவந்துப் போருக்கு முன்பும் இதே கேள்வி எழுந்தது. ஷாமிலிருந்து படையை எடுத்தால் ரோமர் பாய்வார்கள், யமனிலிருந்து எடுத்தால் அபிசீனியர் வருவார்கள் என்று அலீ (ரலி) அவர்கள் எச்சரித்தார்கள். பஸராப் படையை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு குடும்பங்களுக்கும், ஒரு பங்கு உடன்படிக்கை செய்துகொண்ட மக்களின் பகுதிக்கும் காவலாக நிற்க, மீதிப் பங்கு மட்டும் களத்துக்குச் செல்லட்டும் என்பது அவர்கள் யோசனை. ஓர் எல்லையைக் காக்க இன்னோர் எல்லையைக் காலியாக்கக் கூடாது என்ற இந்த விதி இன்றைய படைக் கல்லூரிகளிலும் போதிக்கப்படுவதுதானே!

படைகள் எங்கே தங்குவது என்பதிலும் கலீபாவுக்குத் திட்டம் இருந்தது. மதாயின் நகரின் தட்பவெப்பம் ஒவ்வாமல் வீரர்கள் மெலிந்து நிறம் மாறினர். ஸல்மான் பார்ஸீ (ரலி), ஹுதைபா (ரலி) ஆகியோரைக் கொண்டு தக்க இடம் தேடச் செய்தார்கள். அப்படி எழுந்ததே கூபா நகரம். பஸராவும் மிஸ்ரின் புஸ்தாத்தும் அவ்வாறே படைநகரங்களாயின. தமக்கும் படைக்கும் நடுவே நீர் குறுக்கிடலாகாது என்பது கலீபாவின் கட்டளை. அதனாலேயே அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள் அழகிய அலெக்சாந்திரியாவை விட்டுப் புஸ்தாத்தில் தங்கினார்கள். கடல் கடந்து போரிட முஆவியா (ரலி) அவர்கள் அனுமதி கேட்டபோதும் கலீபா மறுத்துவிட்டார்கள். வெட்டுண்ட பாலத்தை நினைவில் வைத்துப் பார்ப்போருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

அவசரத்துக்கென்று கூபாவில் மட்டும் 4000 குதிரைகள் தயாராக இருந்தன. போர்க்கால்நடைகளுக்காக ரபதா முதலிய இடங்களில் மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கேயும் ஒரு நீதி உண்டு. சில ஆடுகளே உடைய ஏழைகளை உள்ளே விட வேண்டும், பெரும் மந்தை வைத்திருக்கும் செல்வர்களை விடலாகாது என்று காவலருக்கு உத்தரவு. செல்வரின் மந்தை அழிந்தாலும் அவருக்குத் தோட்டமும் பயிரும் உண்டு, ஏழைக்கு வேறென்ன இருக்கிறது?

வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆண்டுத் தொகை வழங்கத் திவான் என்னும் பதிவேடு எழுதப்பட்டது. பத்ருப் போரில் கலந்தவர்களுக்கு 5000 திர்ஹம். எழுத்தர்கள் கலீபாவின் குலத்தை முன்னால் எழுதியபோது, நபி (ஸல்) அவர்களின் உறவு முறைப்படி எங்கே வருமோ அங்கே வையுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குப் பால்குடி மறந்த பின்பே தொகை என்பது முதலில் இருந்த விதி. ஓரிரவு ஒரு குழந்தையின் ஓயாத அழுகையைக் கேட்டு விசாரித்தபோது, தொகைக்காகத் தாய் முன்கூட்டியே பாலை நிறுத்த முயல்வது தெரிந்தது. அன்று பஜ்ருத் தொழுகையில் கலீபாவின் அழுகையால் கிராஅத்தே மக்களுக்கு விளங்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே தொகை உண்டென்று உடனே அறிவித்தார்கள். கணவனைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தவிக்கும் மனைவியரை எண்ணி, குறிப்பிட்ட சில மாதங்களுக்கு மேல் யாரையும் எல்லையில் நிறுத்தலாகாது என்றும் விதித்தார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் அவர்களின் மிகப் பெரிய சோதனை வந்தது. இராக்கின் வளமான ஸவாது நிலத்தைக் கனீமத்தாகத் தங்களுக்குப் பங்கிட வேண்டுமென்று வென்ற வீரர்கள் கேட்டனர். பிலால் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்பு (ரலி) போன்ற பெரியோர்களே அப்பக்கம் நின்றார்கள். இன்றே பங்கிட்டுவிட்டால் நாளை ஷாமிலும் பஸராவிலும் கூபாவிலும் மிஸ்ரிலும் காவல் நிற்போருக்கு எதைக் கொடுப்பது, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் என்ன மிஞ்சும் என்று கலீபா கேட்டார்கள். தமது அதிகாரத்தால் முடித்துவிடவில்லை. அன்ஸாரிகளில் அவ்ஸ் குலத்தவர் ஐவர், கஸ்ரஜ் குலத்தவர் ஐவர் எனப் பத்துப் பேரை அழைத்து, தாமும் அவர்களைப் போல் ஒருவரே, மாற்றுக் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம் என்று தெரிவித்து வழக்கை வைத்தார்கள். அல்ஹஷ்ர் அத்தியாயம் பின்னால் வருவோரையும் சேர்த்துப் பேசுவதை எடுத்துக் காட்டினார்கள். சபை ஒப்புக்கொண்டது. இவ்விவரத்தை இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் காணலாம்.

நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. உதுமான் பின் ஹுனைப் (ரலி) அவர்கள் அளந்ததில் 3 கோடியே 60 லட்சம் ஜரீப் கணக்காயிற்று. ஒரு ஜரீபுக்கு ஒரு திர்ஹமும் ஒரு கபீஸ் தானியமும் கராஜ். தாங்காத சுமையை நிலத்தின் மேல் வைத்துவிட்டீர்களோ என்று, தாம் வெட்டப்படுவதற்குச் சில தினங்களுக்கு முன்புகூடக் கலீபா அந்த அதிகாரிகளிடம் கவலையோடு விசாரித்தார்கள்.

வரி என்பது காவலுக்கான அமானத். யர்மூக் போருக்கு முன், கி.பி. 636இல், ரோமர் பெரும்படையுடன் வருவதால் ஹிம்ஸ் நகரை விட்டு விலக நேர்ந்தது. காக்க இயலாத நிலையில் வரியை வைத்திருக்க உரிமையில்லை என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் அம்மக்களிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களும் யூதர்களுமான அவ்வூரார் முஸ்லிம்கள் மீண்டும் வர வேண்டுமென்று விரும்பினார்கள் என்று வரலாறு சொல்கிறது.

ஹிஜ்ரி 23, கி.பி. 644. பஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் வெட்டுண்டார்கள். மரணப் படுக்கையிலும் அடுத்த கலீபாவுக்கு வஸிய்யத் செய்தார்கள். படைநகரத்தாரிடம் நன்மையாக நடக்க வேண்டும். பாதுகாப்பு உடன்படிக்கையில் உள்ள மாற்று மதத்தாரின் ஒப்பந்தத்தைக் காக்க வேண்டும், அவர்களுக்காகப் போரிடவும் வேண்டும், சக்திக்கு மேல் சுமத்தக் கூடாது. அடுத்த தலைவரைத் தாமே நியமிக்காமல், ஆறு பேர் கொண்ட சபையின் ஆலோசனைக்கு விட்டார்கள்.

சகோதரர்களே! கோட்டையும் குதிரையும் மட்டும் நாட்டைக் காப்பதில்லை. தோற்றவனை அரவணைப்பதும், தலைவன் மஷ்வராவுக்குக் கட்டுப்படுவதும், இன்றைய கையில் இருப்பதை நாளை வருவோருக்கு மிச்சம் வைப்பதுமே காவல். நம்மில் யாரும் பேரரசை ஆளவில்லை. ஆனால் பள்ளிவாசல் வக்பு நிலமும், மத்ரஸாப் பணமும், அநாதையின் சொத்தும் நம் கைகளில் இருக்கின்றன. அவற்றைப் பங்கு போட்டு முடித்துவிடாமல், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காகக் காத்து நிற்பவரே உமர் (ரலி) அவர்களின் வழியில் நிற்பவர். அந்த அமானத்தைப் பேணும் தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.