உப்பை விட்டவர், உப்புக்காக நடந்தார்!

1909-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் நகரம்.

கஸ்தூரிபாய்க்கு ரத்தப்போக்கு. உடம்பு எலும்பும் தோலுமாக இளைத்துவிட்டது. மயக்க மருந்தைத் தாங்கும் சக்தி இல்லை. எனவே, அது இல்லாமலே டாக்டர் ஆபரேஷன் செய்தார். அம்மையார் வலியைப் பொறுத்துக்கொண்டார்.

உடம்பு தேற, மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். செத்தாலும் அதைத் தொடமாட்டேன் என்று கஸ்தூரிபாய் சொல்லிவிட்டார். அப்படியானால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தார்.

வெளியே மழைத் தூறல். காந்தி, மனைவியை ரிக்‌ஷாவில் ஏற்றினார். ரயிலடியில், தம் இரு கைகளிலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் படுக்கவைத்தார். பீனிக்ஸ் குடியிருப்பு ரயில் நிலையத்தில் இருந்து இரண்டரை மைல். அவ்வளவு தூரமும் அம்மையாரைத் தூளியில் வைத்துச் சுமந்து சென்றார்கள்.

ஒரு வருட சபதம்

உடம்பு கொஞ்சம் தேறியது. ஆனால் ரத்தப்போக்கு மறுபடியும் வந்தது. உப்பில்லாச் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்று காந்தி எங்கோ படித்திருந்தார். உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி மனைவியிடம் கெஞ்சினார்.

அம்மையார் கேட்கவில்லை. உங்களை விடச் சொன்னால் நீங்கள் விடுவீர்களா என்று மடக்கினார்.

காந்திக்கு வருத்தம். ஆனால் உள்ளுக்குள் மகிழ்ச்சி. அந்த நிமிஷமே, ஒரு வருடத்துக்கு உப்பும் பருப்பும் தொடுவதில்லை என்று சபதம் செய்துவிட்டார். கஸ்தூரிபாய் துடித்துப்போனார். நானே விட்டுவிடுகிறேன், உங்கள் சபதத்தைத் திரும்ப வாங்குங்கள் என்று மன்றாடினார். காந்தி அசையவில்லை. அம்மையார் அழுதார்.

அம்மையாரும் உப்பை விட்டார். ரத்தப்போக்கு நின்றது. உப்பை விட்டதால்தான் நின்றதா என்று காந்திக்கே நிச்சயம் இல்லை. ஆனால் தம் நாட்டு வைத்தியப் புகழ் கொஞ்சம் கூடியது என்று பின்னாளில் வேடிக்கையாக எழுதி வைத்தார். வருடம் முடிந்த பின்பும் அவர் உப்பில்லாமல் நெடுநாள் சாப்பிட்டார்.

கடலை நோக்கி

இப்படிப்பட்டவர், 1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, கையில் தடியோடு சபர்மதி ஆசிரமத்தில் இருந்து புறப்பட்டார். வயது 60. எதற்காக? உப்புக்காக!

தனக்கு வேண்டாம் என்று விடுவது வேறு. ஏழையின் கஞ்சியில் போடும் உப்புக்கு சர்க்கார் வரி வாங்குவது வேறு. வெயிலில் வியர்வை சிந்தும் கூலிக்காரனுக்கு உப்பு வேண்டும் என்பது காந்திஜிக்குத் தெரியும்.

24 நாள் நடை. சுமார் 240 மைல். ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளினார். அதே மாதம் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தார். சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு உப்பளங்களும், உப்புப் படகுகள் போய்வந்த பக்கிங்காம் கால்வாயும் அன்று அந்த வரிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான்.

ரத்தக் கொதிப்பு

வயது ஏற ஏற, மகாத்மாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அளந்தபோது 194-க்கு 130. 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி 220-க்கு 110. (140-க்கு 90 இருந்தாலே அதிகம்!) இந்த அளவுகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்ட இதழில் உள்ளன. அப்போது அவர் எடை 47 கிலோகூட இல்லை. குண்டானவர்களுக்குத்தான் ரத்தக் கொதிப்பு வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓய்வு, மவுனம், வயிற்றில் ஈர மண்பட்டி, பச்சைப் பூண்டு. இவைதான் அவர் நம்பிய சிகிச்சை. இன்று போல நல்ல மாத்திரைகள் அன்று இல்லை. இன்று இருப்பவர்கள் மண்பட்டியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

உப்பைப் பற்றிக் காந்திஜிக்கு அன்று கிடைக்காத விளக்கம் இன்று கிடைத்திருக்கிறது. உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அதோடு போவதில்லை. குழாயின் உள்சுவர் புண்பட்டு, அழற்சி உண்டாகிறது. அடுப்புச் சாம்பலுக்குள் நெருப்புக் கனன்றுகொண்டிருக்குமே, அதுபோல வெளியே தெரியாத வேக்காடு. சர்க்கரை வியாதி உள்ளவருக்கு, ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை ஏற்கெனவே அந்தச் சுவரைக் கெடுத்து வைத்திருக்கும். அங்கே உப்பும் சேர்ந்தால் சிறுநீரகம், இருதயம், கண் எல்லாவற்றுக்கும் கேடு.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடுவது மட்டும் கணக்கில்லை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பழவேற்காட்டுக் கருவாடு எல்லாம் அதில் சேர்த்திதான். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலை முன்னால் நிற்பவருக்கு வியர்வையில் உப்பு போகும். அவருக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தால் எவ்வளவு உப்பு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைசி நாட்கள்

1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் கண்ணை மூடினார். உப்பு வரி ஒழிந்ததைப் பார்க்க அவர் இல்லை. அது 1947-ல் ரத்தானது.

1948-ஆம் ஆண்டு ஜனவரியில், டெல்லியில் மதக் கலவரம் ஓயவேண்டும் என்று காந்திஜி உண்ணாவிரதம் தொடங்கினார். வயது 78. தண்ணீர் மட்டும் குடிப்பதாகவும், அதில் உப்போ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம் என்றும் முன்கூட்டியே அறிவித்திருந்தார். 18-ந் தேதி, எல்லா மதத் தலைவர்களும் அமைதிக்கு உறுதி கொடுத்த பிறகு உண்ணாவிரதத்தை முடித்தார்.

பன்னிரண்டாவது நாள் மாலை, பிரார்த்தனைக்கு நடந்துபோகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.