ஆல்பிரெட் நோபல் சரிதம்

வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில் போக்குவரவு செய்வோர், திராவகமும் எரிவாயுவும் சுமந்தேகும் வண்டிகளின் மேல் சாய்சதுர வடிவினதாய் ஒரு குறி பொறிக்கப்பட்டிருத்தலைக் கண்டிருப்பர். கப்பலில் ஏறும் அபாயச் சரக்குகளுக்கும் உலகெங்கும் இத்தகைய குறியே விதிக்கப்பட்டுளது. உள்ளிருக்கும் பொருள் இன்னது, அதனால் விளையும் தீங்கு இன்னது என்பதை அறியாதார்க்கும் அறிவிப்பதே அதன் தொழில். இச்சிறு குறி எத்துணை உயிர்களை விலையாகக் கொண்டு பிறந்தது என்பதை நம்மில் உணர்ந்தார் சிலரே. அதனை உணர்தற்கு, பரிசில் நிறுவிய வள்ளலென்றே நாம் பெரிதும் அறிந்துள்ள ஆல்பிரெட் நோபல் என்பாரின் வாழ்க்கையை நோக்குதல் நலம்.

பிறப்பும் கல்வியும்

நோபல் 1833-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள் சுவீடன் தேயத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் இம்மானுவேல் புதுப்புதுப் பொறிகளை இயற்றுவதில் வல்லவர். எனினும் தொழிலில் நட்டமுற்றுக் கடனாளியாகி, ருஷ்யா சென்று, ஆண்டுக் கடற்போர்க்குரிய கண்ணிகள் செய்து செல்வம் ஈட்டினார். 1842-ல் குடும்பத்தாரும் பீட்டர்ஸ்பர்க் நகரம் சேர்ந்தனர். மெலிந்த உடலினரான ஆல்பிரெட் வீட்டாசிரியர்களிடமே பெரும்பாலும் கற்று, பதினேழாண்டு நிரம்புமுன் ஐந்து மொழிகளில் தேர்ச்சியுற்றார்.

பின்னர் பாரிஸ் மாநகரம் ஏகிப் பெலூஸ் என்னும் பேராசிரியரின் இரசாயனச் சாலையிற் பயின்றார். அவ்வாசிரியரிடம் முன்னர்ப் பயின்ற சோப்ரேரோ என்னும் இத்தாலியர், கந்தகத் திராவகமும் நைட்ரிக் திராவகமும் கூடிய கலவையில் கிளிசரினைச் சேர்த்து, நைட்ரோ கிளிசரின் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தை 1847-ல் கண்டறிந்திருந்தார். அது கருமருந்தினும் பன்மடங்கு வலியது. ஆனால் சிறிது அதிர்ச்சி நேரினும் வெடிக்கும் இயல்பினது. ஆதலின் கண்டவரே அதனைக் கண்டு அஞ்சினார். அதனை அடக்கி ஆளல் கூடுமென்று துணிந்தவர் நோபல்.

தம்பியின் மறைவு

மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை அமைக்கவும், சுரங்கம் அகழவும் வலிய வெடிபொருள் வேண்டப்பட்ட காலம் அது. நோபல் தாயகம் மீண்டு, அத்திரவத்தைக் குறித்த வேளையில் வெடிக்கச் செய்யும் உபாயத்தைக் கண்டார். ஆயின் 1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஹெலனெபோர்க் என்னுமிடத்திலிருந்த அவர்களது சாலை வெடித்தது. இருபது வயதினரான இளைய சகோதரர் எமிலும் வேறு நால்வரும் மாண்டனர். தந்தையார் சில மாதங்களிற் பக்கவாதத்தால் வீழ்ந்தார். நகரினுள் இத்தொழில் கூடாதென்று அதிகாரிகள் விலக்கவே, நோபல் மேலாரன் ஏரியில் ஒரு பெரும்படகை நிறுத்தி அதன்கண் தம் வேலையைத் தொடர்ந்தார். 1865-ல் தொழிற்சாலைகள் எழுந்தன. ஜெர்மனியில் எல்பா நதிக்கரையிலமைந்த குரூம்மல் அவற்றுள் ஒன்று.

கடல் கடந்த சரக்கு

அங்கிருந்து அவ்வெண்ணெய் கப்பலேறிப் பல தேயங்களுக்கும் சென்றது. தகரக் கலங்களிலோ கண்ணாடிக் குப்பிகளிலோ அடைத்து, மரப்பெட்டியில் வைத்து, இடையே மரத்தூள் பெய்து அனுப்புவர். கலம் கசிந்தால் மரத்தூள் எண்ணெயை உறிஞ்சித் தானும் அபாயப் பொருளாகும். பெட்டியைச் சுமப்போர் பலருக்கு உள்ளிருப்பது யாதென்றே தெரியாது. நம் புதுச்சேரியில் அந்நாளில் மரக்கலங்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, சலங்குகளே அலைகடந்து சரக்கைக் கரைசேர்த்தன என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறு அலையிலாடும் படகில், பெயரறியாப் பெட்டியொன்றைத் தலைமேற் கொண்டு இறங்கும் கூலியாளனை நினைந்து பார்ப்பின், இதன் கொடுமை விளங்கும்.

1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், பனாமா பூசந்தியில் இப்போது கொலோன் எனப்படும் ஆஸ்பின்வால் துறையில் யூரோப்பியன் என்னும் கப்பல் வெடித்தது. கப்பலும் துறைமேடையும் சிதைந்தன. ஏறக்குறைய ஐம்பதின்மர் இறந்தனர். பதின்மூன்று நாள் கழித்துச் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சரக்கு நிலையத்தில், கசிந்திருந்த பெட்டியை இன்னதென்று அறியாமல் உளியும் சுத்தியலும் கொண்டு திறக்க முற்பட்டபோது அதுவும் வெடித்துப் பலரை மாய்த்தது.

இச்செய்திகள் பரவிய காலை நோபல் அமெரிக்காவில் இருந்தார். கையாள்வோரின் கவனக்குறைவே காரணமென்று அவர் முதலில் வாதாடினார். அவர்பால் நாம் குறை காணும் இடம் இது. அறியாதான் எங்ஙனம் கவனம் கொள்வான்? அமெரிக்க அரசியலார் அவ்வாண்டு ஜூலையிலேயே சட்டமியற்றி, பயணிகள் கப்பலில் இதனை ஏற்றலாகாதெனவும், பெட்டியின்மேற் பொருளின் பெயரும் அபாயம் என்னும் எச்சரிக்கையும் எழுதப்படல் வேண்டுமெனவும் விதித்தனர். ஆங்கில அரசியலார் 1869-ல் இன்னும் கடுமையான சட்டம் செய்தனர்.

அடக்கப்பட்ட ஆற்றல்

நோபல் தம் வாதத்தோடு நின்றுவிடவில்லை என்பதே அவரது பெருமை. குற்றம் பொருளிலேயே உளதென்று தெளிந்தார். மரச்சாராயம் கலந்து பார்த்தார், அது போதியதாகவில்லை. பின்பு எல்பா நதியில் தெப்பத்தின்மேல் இருந்து பல பொருள்களைச் சோதித்து, நுண்ணிய நீர்ப்பாசிகளின் ஓடுகளாலாகிய கீசல்கூர் என்னும் மண்ணைத் தேர்ந்தார். அம்மண் ஒரு பங்கு மூன்று பங்கு எண்ணெயை உறிஞ்சிப் பிசைந்த மாவுபோல் ஆயிற்று. வீழினும் எளிதில் வெடியாது. வெடிப்பூட்டி கொண்டே வெடிக்கும். இதற்கு டைனமைட் எனப் பெயரிட்டு 1867-ல் உரிமை பெற்றார். நீர்பட்டால் எண்ணெய் பிரியும் குறை இதற்கும் இருந்தது. அதனையும் நீக்க முயன்று, 1875-ல் வெடிக் களிம்பு ஒன்றைக் கண்டார்.

இறுதிநாள்

மணம் புரியாது, நாடுதோறும் அலைந்து, 355 உரிமைப் பத்திரங்கள் பெற்றுப் பெருஞ்செல்வரானார். போர்க்குரிய புகையிலா மருந்தையும் அவர் ஆக்கினார் என்பதை மறைத்தற்கில்லை. முதுமையில் நெஞ்சுநோய் வருத்த, மருத்துவர்கள் அதே நைட்ரோ கிளிசரினையே சிற்றளவில் மருந்தாக விதித்தனர். 1895-ல் தம் செல்வத்தின் பெரும்பகுதியை உலக நன்மைக்காக உழைப்போர்க்குப் பரிசிலாக்கி மரணசாசனம் எழுதி, 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இத்தாலியில் சான்ரெமோ நகரில் உயிர்நீத்தார். அப்பரிசில் 1930-ல் நம் தமிழகத்துச் சர் சி. வி. இராமனாரையும் அடைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

பொருளை அடக்குதல் பாதி. அதன் பெயரை மறையாது அறிவித்தல் மறுபாதி. பின்னது தவறியதற்குப் பம்பாய் சான்று. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், போர்ட் ஸ்டிக்கைன் என்னும் கப்பல் பஞ்சுப் பொதிகளோடு 1,400 டன் அளவு வெடிபொருளையும் ஏற்றிக்கொண்டு, அபாயம் உணர்த்தும் செங்கொடி ஏற்றாமலே துறையுள் நின்று தீப்பற்றி வெடித்தது. எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1965-ல் சர்வதேச விதித்தொகுப்பு ஏற்கப்பட்டு, அபாயச் சரக்குகள் ஒன்பது வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. எதனோடு எது சேரலாகாது என்பதும் வரையறுக்கப்பட்டது. 2004 முதல் அதன் பெரும்பகுதி நாடுகளைக் கட்டுப்படுத்துவதாயிற்று. ஆயினும் 2021-ல் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் எரிந்து மூழ்கிற்று. அதிலிருந்த நைட்ரிக் திராவகம் கசிந்தமை சில நாள் முன்னரே தெரிந்திருந்தும், கசிந்த பெட்டகம் கப்பலினின்று இறக்கப்படவில்லை.

ஆகவே, விதி எழுதுதல் எளிது. அதன்படி ஒழுகுதலே அரிது. இரசாயனச் சாலையில் ஒரு சிறு குப்பியின்மேற் பெயரொட்டும் மாணவன், தான் காணாத ஒருவனுடைய உயிரைக் காக்கின்றான் என்பதை நினைவிற் கொள்வானாக.