ழாக் கூஸ்தோ

ழாக் ஈவ் கூஸ்தோ (ஜூன் 11, 1910 – ஜூன் 25, 1997) பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கடல் ஆய்வாளரும் திரைப்பட இயக்குநரும் ஆவார். ஸ்கூபா எனப்படும் நீர்மூழ்கல் முறை உலகெங்கும் பரவக் காரணமானவர்களுள் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் பிரான்சின் சென் அந்த்ரே து குப்சாக் என்னும் ஊரில் பிறந்தார். வாகன விபத்தால் கடற்படை விமானியாகும் வாய்ப்பை இழந்தார். அதன் பின்னரே கடலடி மீது நாட்டம் கொண்டார். இவரது மௌன உலகம் திரைப்படம் 1956 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது.

அக்வாலங்

1943 இல் பொறியாளர் எமில் கன்யானுடன் இணைந்து அக்வாலங் கருவியை உருவாக்கினார். மூழ்குபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் இது காற்றைத் தரும். ஆனால் ஆழம் மிகும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் அறிவை மயக்கும். இவரது குழுவைச் சேர்ந்த மொரீஸ் ஃபார்க் 1947 இல் 100 மீட்டருக்கும் கீழே சென்றபோது உயிரிழந்தார். கருவி மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வரம்பும் தேவை என்பதை இத்தகைய இழப்புகள் உணர்த்தின.

சான்றிதழ் அமைப்புகள்

1959 இல் மொனாக்கோவில் தொடங்கப்பட்ட சி.எம்.ஏ.எஸ். எனப்படும் உலக நீரடிக் கூட்டமைப்பின் முதல் தலைவராக கூஸ்தோ 1973 வரை இருந்தார். இது நாட்டுக் கூட்டமைப்புகள் வழியாக நட்சத்திரத் தரங்களில் சான்றிதழ் வழங்குகிறது. 1966 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பாடி எனப்படும் பயிற்றுநர் சங்கம் பெரும்பாலும் மூழ்கல் கடைகள் வழியாகப் பரவியது. எந்த அமைப்பின் அட்டையைப் பெற்றாலும், பயிற்சியின் தரம் கற்பிக்கும் பயிற்றுநரையும் உள்ளூர்க் கடையின் கருவிப் பராமரிப்பையும் பெரிதும் சார்ந்துள்ளது.