சிட்னி ஓப்பரா ஹவுஸ்: போட்டியில் வென்ற கூரை ஏன் கட்டப்படவில்லை?

சிட்னி ஓப்பரா ஹவுஸ் முன்னாடி நின்று நீங்களும் ஒரு செல்ஃபி எடுத்திருக்கலாம். அந்த வெள்ளைக் கூரையைப் பலரும் 'ஓடு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் பொறியியல்படி பார்த்தால் அது ஓடே இல்லை!

முதலில் திட்டமிட்ட மெல்லிய கான்கிரீட் ஓடு கட்டப்படவே இல்லை. அதற்குக் கணக்குப் போட ஆண்டுக்கணக்கில் போராடியது பொறியாளர் ஓவ் ஆரப்பின் குழு.

யார் இவர்?

1895இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்தவர். தந்தை டென்மார்க்காரர். கோப்பன்ஹேகனில் முதலில் தத்துவம் படித்தார், பிறகுதான் பொறியியல். லண்டன் விலங்கியல் தோட்டத்தில் 1934இல் திறக்கப்பட்ட பெங்குவின் குளம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1946இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

கூரையில் என்ன சிக்கல்?

1957இல் சிட்னி போட்டியில் வென்றவர் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன். கூரையின் வளைவுகளை அவர் கையாலேயே வரைந்திருந்தார். அவற்றுக்குக் கணிதச் சூத்திரம் எதுவும் இல்லை.

முட்டையை நினைச்சுப் பாருங்க. அழுத்தினால் விசை ஓடு முழுக்கப் பரவும். அதான் மெல்லியதாக இருந்தும் உடையாமல் தாங்குது. உட்சனின் கூரையோ நிமிர்ந்து நின்று, உச்சியில் கூர்மையாக மடிந்தது. அதன் எடையும் காற்றும் சேர்ந்து அதை வளைக்கப் பார்க்கும். மெல்லிய கான்கிரீட் அதைத் தாங்காது.

பரவளையம், நீள்வட்டம் என்று பல வடிவங்களை ஆரப் குழு முயன்றது. மாதிரி செய்து சோதித்தது. கணினி அரிதாக இருந்த அந்தக் காலத்திலேயே அதையும் பயன்படுத்தியது. இதற்கிடையே 1959இல் அடித்தள வேலை தொடங்கிவிட்டது. கூரை வடிவம் முடிவாகும் முன்பே எழுப்பிய தூண்கள் சிலவற்றைப் பின்னர் வலுவாக மாற்றிக் கட்ட வேண்டியதாச்சு.

எப்படித் தீர்ந்தது?

உள்ளே எஃகுச் சட்டம், மேலே கான்கிரீட் தோல் என்ற யோசனையும் வந்தது. உட்சனுக்கு அது பிடிக்கவில்லை. 1961இல் புது வழி பிறந்தது: எல்லாக் கூரைகளையும் ஒரே பந்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுப்பது. பந்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். வளைவு எங்கும் ஒன்றே என்பதால், அதே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளை எஃகு வடங்களால் இறுக்கி, விலா எலும்புபோல் அடுக்கினார்கள். மெல்லிய ஓடு போய், கனமான விலாக்கள் வந்தன.

அதற்குப் பிறகு?

1966இல் மாநில அரசுடன் மோதி உட்சன் விலகினார். ஆரப்பின் நிறுவனம் வேலையைத் தொடர்ந்தது. இருவரின் உறவும் முறிந்தது. 1973இல் கட்டடம் திறக்கப்பட்டது. முழுமையடைந்த அதை உட்சன் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. ஆரப் 1988இல் தமது 92ஆவது வயதில் காலமானார்.

அடுத்த முறை அங்கே போனால், வெளியே படம் எடுத்ததோடு திரும்பிடாதீங்க. உள்ளே போய் அண்ணாந்து பாருங்க. விசிறிபோல் விரியும் அந்த விலாக்கள்தான் கூரையைத் தாங்குகின்றன.