எமிலி டிக்கின்சன் அம்மையார்

கவிபாடும் ஆற்றல் பெற்றோர் அதனை உலகறியச் செய்ய விழைதல் இயல்பு. ஆண்டு மலருக்கு ஒரு செய்யுளை எழுதியனுப்பிவிட்டு, அஃது அச்சேறுமோ என்று நாளெண்ணிக் காத்திருக்கும் மாணவராகிய நாம் இதனை நன்கறிவோம். ஆயின், ஏறக்குறைய 1,800 கவிதைகளை இயற்றியும், அவற்றுள் பத்தளவே, அதுவும் தம் பெயரின்றி அச்சில் வரக் கண்டு, ஏனையவற்றைத் தம் அறையிலேயே வைத்துவிட்டு மறைந்தார் ஒருவர். அவரே அமெரிக்க நாட்டின் தலைசிறந்த புலவர்களுள் ஒருவராகப் போற்றப்பெறும் எமிலி டிக்கின்சன் அம்மையார்.

அம்மையார் 1830-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரிற் பிறந்தார். பாட்டனார் அவ்வூர்க் கல்லூரியை நிறுவ முன்னின்றவர்களுள் ஒருவர். தந்தையார் எட்வர்ட், வழக்கறிஞர். அக்கல்லூரியின் பொருளாளராக நெடுங்காலம் பணியாற்றியவர். ஆஸ்டின் என்னும் தமையனாரும் லவீனியா என்னும் தங்கையாரும் உடன்பிறந்தோர். 1840 முதல் 1855 வரை இக்குடும்பத்தார் வாழ்ந்த இல்லம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை அடுத்திருந்தது. பிற்காலத்தில் மரணத்தைப்பற்றி இத்துணை நெருங்கிப் பாடியவர், இளமையிலேயே அதன் அண்டைவீட்டாராய் வளர்ந்தார் எனலாம்.

1847-ஆம் ஆண்டில் மேரி லயன் அம்மையார் நிறுவிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கலாசாலையில் எமிலி சேர்ந்தார். அங்கே மாணவியரை விசுவாசத்தை அறிக்கையிட்டோர், நம்பிக்கைக்கு இடமுள்ளோர், நம்பிக்கைக்கு இடமில்லாதோர் என மூவகையாகப் பகுத்தல் வழக்கம். எமிலி இறுதிவரை மூன்றாம் வகுப்பிலேயே எண்ணப்பட்டார். ஓராண்டு நிறையுமுன் கல்வியை முடித்துக்கொண்டு இல்லம் மீண்டார். பின்னர் ஊரில் எழுப்புதல் உண்டானபோது தந்தையாரும் தங்கையாரும் திருச்சபையிற் சேர்ந்தனர், அவர் சேரவில்லை. முப்பது வயதளவில் ஆலயஞ் செல்வதையும் விடுத்தார். இத்தகையாரை மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் போற்றுதல் தகுமோ என்று கேட்பார் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடை அவருடைய கவிதைகளிலேயே உளது.

வீடு திரும்பிய அம்மையார் மணம் புரிந்திலர். நாளடைவில் வெளியிற் செல்லுதல் குறைந்து, வீடும் தோட்டமுமே அவர்தம் உலகமாயின. பிற்காலத்தில் வெண்ணிற ஆடையே உடுத்தினார். எனினும் அன்பற்ற தனிமை அன்று அது. தந்தையார்க்கு ரொட்டி சுட்டார். நோயுற்ற அன்னையாரைப் பல்லாண்டு பேணினார். அண்டை வீட்டுச் சிறார்க்குப் பலகணி வழியே கூடையில் பணியாரம் இறக்கினார். அவர் எழுதிய கடிதங்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. இளமையில் நானூற்றுக்கு மேற்பட்ட செடிகொடிகளை உலர்த்தி ஒட்டிப் பெயரெழுதி வைத்த ஏடும் அழியாதிருக்கின்றது. கூர்ந்து நோக்கும் அக்கண்ணே அவர் கவிதைக்கும் கண்.

அவர் கவிதைகளிற் பெரும்பாலானவை ஆங்கில ஞானப்பாட்டின் யாப்பில் அமைந்தவை. எட்டசையும் ஆறசையும் மாறிமாறி வரும் நாலடிப் பாட்டு அது. ஐசக் வாட்ஸ் முதலியோரின் பாட்டுகளைப் பாடிப் பழகிய நமக்கு அந்த ஓசை புதியதன்று. ஆனால் அந்தப் பழைய அச்சில் அவர் வார்த்த பொருளோ முற்றும் புதிது. துதியும் உறுதியும் நிரம்பவேண்டிய ஓசையில் ஐயமும் அச்சமும் வியப்பும் ஒலிக்கின்றன. அடியிறுதியில் இயைபு முழுதும் பொருந்தாது, ஏறக்குறையப் பொருந்தி நின்றுவிடுகின்றது. நிறுத்தக் குறிகளுக்கு ஈடாகச் சிறுகோடுகள் குறுக்கிட்டு வாக்கியத்தை இடையில் நிறுத்துகின்றன. தலைப்பு அரிது, சொற்சுருக்கம் மிகுதி. படிப்போர் இடைவெளிகளைத் தம் சிந்தையால் நிரப்பல் வேண்டும்.

மரணம், நித்தியம், இயற்கை, நோவு, அன்பு என்பன அவருடைய பெரும்பொருள்கள். தேனீயும் புல்லும் மாலை வெயிலும் அவர் கையில் மறைபொருள் உரைக்கின்றன. மரணத்தை ஒரு பாட்டில் மரியாதையறிந்த தோழராகவும், மற்றொன்றில் ஈயொன்றன் இரைச்சலில் முடியும் வெறுமையாகவும் காட்டுவர். ஒரு நாள் நம்பினார், மறுநாள் ஐயுற்றார், இரண்டையும் மறைத்திலர். விவிலியச் சொற்கள் அவர் பாக்களில் எங்கும் விரவியுள்ளன. தாம் உணராததை உணர்ந்ததாக ஒருபோதும் உரையாத அந்த வாய்மைக்காகவே அவரைப் போற்றுகின்றோம். யோபுவின் வினாக்களுக்கு இடந்தந்த மறையை ஓதும் நாம், இவர் வினாக்களுக்கு அஞ்சவேண்டுவதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1861 முதல் 1865 வரையுள்ள ஆண்டுகளிலேயே அவர் கவிதைகளிற் பாதியளவு தோன்றின. 1862 ஏப்ரலில் தாமஸ் வென்ட்வர்த் ஹிக்கின்சன் என்னும் எழுத்தாளருக்கு நான்கு பாக்களை அனுப்பி, அவற்றுக்கு உயிருண்டோ என வினவினார். நடை ஒழுங்கற்றதெனக் கண்ட ஹிக்கின்சன், வெளியிடாது பொறுத்திருக்க அறிவுறுத்தினார். அம்மையார் பணிவுடன் நன்றி கூறினார்; நடையை மட்டும் மாற்றிலர். 1866-இல் ஒரு செய்தித்தாள் அவர் பாட்டொன்றைக் குறியீடு மாற்றி வெளியிட்டபோது, பொருள் சிதைந்ததென வருந்தினார். புகழினும் தம் சொல்லின் உருவமே அவர்க்குப் பெரிதாயிற்று.

தந்தையார் 1874-இலும், அன்னையார் 1882-இலும், செல்ல மருமகன் எட்டு வயதுச் சிறுவன் கில்பர்ட் 1883-இலும் இறந்தனர். அம்மையார் தாமும் 1886 மே 15-ஆம் நாள் தமது 55-ஆம் வயதிற் காலமானார். பின்னர் அவரது அறையைத் துழாவிய லவீனியா, ஊசிநூலால் தைக்கப்பெற்ற சுமார் நாற்பது கையேடுகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் எண்ணூற்றுக்கு மேற்பட்ட கவிதைகள் இருந்தன. 1890-இல் மேபல் லூமிஸ் டாட் அம்மையாரும் ஹிக்கின்சனும் முதற்றொகுதியை வெளியிட்டனர். இயைபைத் திருத்தியும் தலைப்பிட்டும் கோடுகளை நீக்கியுமே வெளியிட்டனர். 1955-இல் தாமஸ் ஜான்சன் பதிப்பித்த பின்னரே அவர் எழுதிய வண்ணம் அனைத்தையும் உலகம் ஒருங்கு படித்தது. இறந்து 69 ஆண்டு கழிந்தே அவர் தம் குரலில் பேசினார்.

நம்பிக்கைக்கு இடமில்லாதோர் வரிசையில் நிறுத்தப்பட்ட அப்பதினேழு வயது மாணவியை நினைக்குந்தோறும், ஒருவருடைய உள்ளத்தை அளந்து வகுப்பமைத்தல் எளிதன்று என்பது நமக்குப் புலனாகின்றது. நம் செய்யுள் இவ்வாண்டு அச்சேறாவிடினும் குற்றமில்லை. அது மெய்யாக நம்முடையதோ என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.