அம்பாங்கைத் திறந்தவர்: ராஜா அப்துல்லா

அம்பாங் என்றதும் இலகு ரயிலின் கடைசி நிலையமும், அம்பாங் பாயிண்ட் கடைத்தொகுதியும், யோங் தவ்ஃபூ கடைகளும், மாலை நேர நெரிசலும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. கோலாலம்பூர் பெருத்து வழிந்தபோது அதன் ஓரத்தில் உண்டான ஊர் இது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. அம்பாங் மண்ணில் ஈயம் தோண்டத் தொடங்கிய பிறகுதான் கோலாலம்பூர் பெரிய ஊராக எழுந்தது. அதற்குப் பணம் திரட்டி, ஆள் அனுப்பி, முதல் அடியில் தோற்று, மறுபடியும் ஆள் அனுப்பியவர் கிள்ளானை ஆண்ட மர்ஹூம் ராஜா அப்துல்லா பின் ராஜா ஜாஃபர். நமது சங்கத்தின் பொன்விழா மலரில் நாம் வாழும் இந்த மண்ணின் கதையும் இடம்பெற வேண்டும் என்ற எண்ணத்தில் அவருடைய வாழ்க்கையை எழுதுகிறேன்.

கடனில் தொடங்கிய ஆட்சி

ராஜா அப்துல்லா ரியாவ் தீவுகளின் பூகிஸ் அரச குடும்பத்தில் வந்தவர். சிலாங்கூர் சுல்தான்களும் பூகிஸ் வழியினரே. அந்நாளில் சிலாங்கூரை ஆண்ட சுல்தான் முகமது, ஈயத் தொழிலில் மலாக்கா வணிகர்களிடம் பெருங்கடன் பட்டிருந்தார். ராஜா அப்துல்லாவின் சகோதரர் ராஜா ஜுமாஅத் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்றார். அதற்கு ஈடாக 1846இல் லுக்குட் வட்டாரம் அவர் கைக்கு வந்தது. இன்று நெகிரி செம்பிலானில் உள்ள லுக்குட் அப்போது சிலாங்கூரைச் சேர்ந்தது. சீனத் தொழிலாளர்களைக் கொண்டு அங்கே ஈயம் எடுத்து, சுங்கத்தை ஒழுங்குபடுத்தி, கோட்டையும் கட்டி, லுக்குட்டை அவர் நல்ல நிலைக்குக் கொண்டுவந்தார்.

1850களில் கிள்ளான் ஆற்று வட்டாரம் ராஜா அப்துல்லாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் அது சுல்தானின் மகன் ராஜா சுலைமானிடம் இருந்தது. சுலைமானின் மகன் ராஜா மஹாடி, தனக்கு வரவேண்டிய நிலம் வேறு கைக்குப் போனதாகவே கருதினார். இந்தக் கசப்பு பத்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளுக்குள் புகைந்தது. அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

எண்பத்தேழு பேர்

அண்ணன் தம்பி இருவரும் கிள்ளான் ஆற்றின் மேல்பகுதியில் ஈயம் தேடத் தீர்மானித்தார்கள். கையில் பணம் போதவில்லை. மலாக்கா வணிகர்கள் சீ யாம் சுவான், லிம் சே ஹோ இருவரிடமும் 30,000 வெள்ளி கடன் வாங்கினார்கள். 1857இல் லுக்குட்டிலிருந்து 87 சீனத் தொழிலாளர்கள் புறப்பட்டார்கள். கிள்ளான் ஆற்றில் எதிரோட்டத்தில் கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு, கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் கரையேறினார்கள். இன்று ஜாமிஉ பள்ளிவாசல் நிற்கும் இடம் அது. அங்கிருந்து காட்டுக்குள் நடந்து அம்பாங்கை அடைந்தார்கள்.

ஒரு மாதம் ஆவதற்குள் 18 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். மற்ற 69 பேரும் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது மலேரியாக் காய்ச்சல்.

கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இந்த இடத்தில் ராஜா அப்துல்லாவின் நிலை புரியும். வாங்கிய கடன் கழுத்தில் இருக்கிறது, அனுப்பிய ஆட்களில் ஐந்தில் நான்கு பேர் இல்லை, ஒரு பிடி ஈயம்கூடக் கைக்கு வரவில்லை. அந்த நிலையில் கைவிட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல ஆள் இருந்திருக்காது. அவர் மேலும் 150 பேரை அனுப்பினார். 1859இல் அம்பாங் ஈயம் விற்பனைக்கு வெளியே போனது.

இதைத் துணிச்சல் என்று பாராட்டலாம். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. கடன் கொடுத்த இரண்டு வணிகர்களின் பெயரும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. அம்பாங் காட்டில் புதைந்த 69 பேரின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை.

படித்துறை நகரமானது

அம்பாங் என்ற பெயர் எம்பாங்கான், அதாவது அணை என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஈயம் எடுக்க மண்வெட்டியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். ஓடையை மறித்து நீரைத் தேக்கி, வாய்க்காலில் ஓடவிட்டு, தோண்டிய மண்ணை அதில் கழுவ வேண்டும். லேசான மண் நீரோடு போகும், கனமான ஈயத் தாது அடியில் தங்கும். அணை கட்டிய ஊருக்கு அணையே பெயராக நின்றது.

அம்பாங்குக்கு வேண்டிய அரிசியும் எண்ணெயும் ஆற்று வழியாக வந்தன. பெரிய படகுகள் ஆறுகள் கூடும் இடத்துக்கு மேல் போக முடியாது. சரக்கை அங்கேயே இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். ஈயமும் அங்கே வந்துதான் படகேறியது. லுக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூ, ஆ ஸே என்ற இரு சீன வணிகர்கள் அந்தப் படித்துறையில் கடை போட்டார்கள். ஹியூ சியூதான் பிறகு கோலாலம்பூரின் முதல் கப்பித்தான் சீனா ஆனார். சுத்தான் புவாசா போன்ற சுமத்திராவின் மண்டைலிங் வணிகர்கள் 1857க்கு முன்பே இந்த வட்டாரத்தில் வாணிபம் செய்தார்கள் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே கோலாலம்பூரைத் தோற்றுவித்தவர் ராஜா அப்துல்லாவா, சுத்தான் புவாசாவா, யாப் ஆ லோயா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஓர் ஊரை ஒருவர் மட்டும் உண்டாக்குவதில்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் படித்துறையில் ஆள் கூடியதற்கும் கடை பெருகியதற்கும் அம்பாங் ஈயம் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது.

நம் முன்னோர்கள் அதற்கு முன்பே பினாங்கிலும் மலாக்காவிலும் வாணிபம் செய்து, பள்ளிவாசல்கள் கட்டி வாழ்ந்தவர்கள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவின் தொடக்கம் 1863 என்று சொல்லப்படுகிறது. அம்பாங் ஈயம் வெளியே போகத் தொடங்கிய நான்காவது ஆண்டு அது. வியாபாரம் இருக்கும் இடத்துக்கு நம்மவர் வருவார்கள், வந்த இடத்தில் தொழ இடம் தேடுவார்கள். இதில் வியப்பு ஏதுமில்லை.

வீழ்ச்சி

செல்வம் வந்ததும் பழைய பகையும் தலைதூக்கியது. 1866இல் ராஜா அப்துல்லா கிள்ளானின் சுங்க வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களான ரீட், டான் கிம் செங் இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். அரச குடும்பத்தவனான தன்னிடமே அபினுக்குச் சுங்கம் கேட்பதா என்று ராஜா மஹாடி மறுத்தார். இருவருக்கும் இருந்த கசப்பு வெளிப்படையான பகையானது.

அதே காலத்தில் கோலாலம்பூரில் ராஜா அப்துல்லாவின் பூகிஸ் ஆட்களில் ஒருவன், சுமத்திராவின் பத்து பாரா சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொன்றுவிட்டான். அச்சமூகத்தின் தலைவர் முகமது அக்கிப் ராஜா அப்துல்லாவிடம் நியாயம் கேட்டார். அது கிடைக்கவில்லை. அவர் மஹாடியின் பக்கம் சேர்ந்தார். கிள்ளான் முற்றுகையிடப்பட்டது. 1867இல் ராஜா அப்துல்லா கிள்ளானை இழந்து மலாக்காவுக்குப் போனார். 1869இல் அங்கேயே மறைந்தார்.

கடனையும் காய்ச்சலையும் தாங்கிய மனிதர், தன் ஆள் செய்த கொலையில் நடுநிலை தவறியதால் துணையை இழந்தார். சுங்கம் வாங்குகிறவன் நியாயமும் வழங்க வேண்டும். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவது போல, நீதி சாய்ந்தபோது மக்கள் எதிரியிடம் போனார்கள்.

அவருக்குப் பின்

அவர் மகன் ராஜா இஸ்மாயிலும், சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன் துங்கு கூடினும் போரைத் தொடர்ந்து 1870இல் கிள்ளானை மீட்டார்கள். அதே ஆண்டு அம்பாங்கிலும் கடுஞ்சண்டை நடந்தது. 1872இல் கோலாலம்பூர் எரிந்து நாசமானது. 1873இல் போர் முடிந்த பிறகு யாப் ஆ லோய் ஊரை மறுபடி கட்டினார். மறு ஆண்டே ஆங்கிலேயர் சிலாங்கூர் ஆட்சிக்குள் நுழைந்தார்கள். 1880இல் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. படித்துறை தலைநகரானது, அதற்குக் காரணமான அம்பாங் புறநகரானது.

பிறகு ஈயத்தில் சேர்த்த பணத்தில் தவுக்கேமார் அம்பாங் சாலையோரம் மாளிகைகள் எழுப்பினார்கள். ஈயம் தீர்ந்த குட்டைகள் சில ஏரிகளாக நிற்கின்றன, சில தூர்க்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம்மில் பலர் அந்த மண்ணின் மேல்தான் குடியிருக்கிறோம்.

ராஜா அப்துல்லாவின் பெயர் இன்று இரண்டு இடங்களில் கண்ணில் படும். ஒன்று, கிள்ளானில் 1857 வாக்கில் அவர் கட்டிய கெடோங் ராஜா அப்துல்லா. ஈயத்தையும் உணவுப் பொருளையும் சேமித்த அக்கட்டடம் பிறகு காவல் நிலையமாகவும் ஈய அருங்காட்சியகமாகவும் இருந்தது. மற்றொன்று கோலாலம்பூர் கம்போங் பாருவில் ஒரு சாலை.

ஆண்டவருக்குக் கட்டடமும் சாலையும் மிஞ்சின. உழைத்து மாண்ட 69 பேருக்கு எதுவும் மிஞ்சவில்லை. இந்த வேறுபாட்டை நமது சங்கம் மனத்தில் கொள்ள வேண்டும். இம்மலரில் தலைவர்கள், செயலாளர்களின் படங்கள் இடம்பெறும், அது முறையே. அதோடு வீடு வீடாகச் சந்தா வசூலித்தவர், நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டியவர், ஊர் பேர் தெரியாத மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர் ஆகியோரின் பெயர்களையும் இன்றே எழுதி வைப்போம். அவர்களை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்க அவர்கள் இருக்கமாட்டார்கள்.