கொல்லர் வீட்டுப் பிள்ளை

நம்ம மெஷின்ஸ் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஃபாரடே விதி வருகிறது. விதி எல்லோருக்கும் மனப்பாடம். ஆள் யாருன்னு கேட்டால்தான் முழிக்கிறோம்.

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22-இல் லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாதவர். எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி. அடுத்த வருஷத்திலிருந்து 7 வருஷம் அங்கேயே பைண்டிங் தொழில் பழகினார். தைக்க வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தார். மின்சாரம் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ராயல் இன்ஸ்டிடியூஷன் போய் ஹம்ப்ரி டேவியின் 4 சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் போட்டு, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். (நம்ம ரெக்கார்டு நோட்டை இங்கே நினைக்க வேண்டாம்!) அங்கே ஓர் உதவியாளர் அடிதடியில் வேலையை இழக்க, 1813 மார்ச்சில் அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. டேவியோடு ஐரோப்பா சுற்றியபோது டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக இவர் பெயர் வந்தபோது டேவியே எதிர்த்தார். அப்படியும் தேர்வானார்.

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தாமிரக் கம்பி சுற்றினார். இன்சுலேஷன் போட்ட கம்பி கடையில் கிடைக்காத காலம். சுற்றுகளுக்கு நடுவே நூல், அடுக்குகளுக்கு நடுவே துணி வைத்தார். பைண்டிங் பழகிய கை! ஒரு பக்கம் பேட்டரியை இணைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும் மறுபக்கத்து முள் துள்ளியது. நம்ம டிரான்ஸ்ஃபார்மருக்கு மூதாதை அதுதான்.

எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. காந்தமே இழுக்காத தாமிரத் தட்டைச் சுற்றினால், மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே சுற்றுகிறது என்று 1824-இல் பிரான்சில் அராகோ காட்டியிருந்தார். ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அக்டோபர் 28-இல் ஃபாரடே தாமிரத் தட்டை ஒரு பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே சுற்றி, அதிலிருந்து மின்னோட்டம் எடுத்தார். புதிர் அவிழ்ந்தது. தட்டுக்குள்ளேயே மின்னோட்டம் பிறந்து சுழல்கிறது, அதுதான் ஊசியைப் பிடித்து இழுக்கிறது. நாம் எடி கரண்ட் என்பது இதைத்தான். டிரான்ஸ்ஃபார்மர் கோரை ஒரே கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்குவது இதை அடக்கத்தான். சுற்றும் தட்டு வைத்த பழைய வீட்டு மீட்டரோ இதை வைத்தே ஓடியது, இதை வைத்தே பிரேக்கும் போட்டது.

பிறக்கும் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும் என்பதை 1834-இல் லென்ஸ் விதியாக்கினார். அதே வருஷம் ஜென்கின் என்பவர் ஃபாரடேயிடம் ஒரு சேதி சொன்னார்: மின்காந்தத்தின் இணைப்பைத் துண்டிக்கும்போது ஷாக் அடிக்கிறது! அமெரிக்காவில் ஹென்றி இதை 1832-லேயே எழுதியிருந்தார். ஃபாரடே தோண்டித் துருவி, சுருள் தன்னைத்தானே தூண்டுகிறது என்று காட்டினார். டியூப்லைட் சோக் உதைப்பது இதனால்தான். மோட்டாரின் பேக் இ.எம்.எஃப்-பும் இதே எதிர்ப்புக் குணம்தான். ஆர்மேச்சர் சுற்றச் சுற்ற அதற்குள் பிறக்கும் மின்னழுத்தம் சப்ளையை எதிர்த்து நிற்கும். நிற்கிற மோட்டாரில் அது பூஜ்யம். அதனால்தான் பெரிய டி.சி. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் போடுகிறோம், இல்லாவிட்டால் வைண்டிங் கருகிவிடும்.

இவ்வளவுக்கும் அவருக்கு உயர்கணிதம் வராது. காந்தக் கோடுகளை மனசுக்குள் வரைந்தே யோசித்தார். மேக்ஸ்வெல் பிறகு அவற்றைச் சமன்பாடுகளாக எழுதினார். எம்-3 பேப்பர் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைச் சாக்காகச் சொன்னால் நான் பொறுப்பில்லை.

சர் பட்டம் வேண்டாம் என்றார், ராயல் சொசைட்டி தலைமையும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். ஹைகேட்டில் உள்ள கல்லறைக் கல்லில் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும் இருக்கின்றன.